பெண்கள் பக்கம் தண்ணீர் இல்லை

அந்தப் பட்டனை எடுத்தது நான்தான். யாரோ வெளியூர்க்காரன் எடுத்துவிட்டான், கம்ப்யூட்டரில் ஏதோ கோளாறு என்றெல்லாம் குற்றாலத்தில் ஒரு பேச்சு உலவுகிறது. கோளாறும் இல்லை, ஒன்றும் இல்லை. நான்தான் சொல்லி எடுக்க வைத்தேன். அதற்காக நாலு லாட்ஜ்காரர்கள் என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறார்கள். என் வீட்டுக்காரர் எங்கள் கல்யாணத்தில் நடந்த சண்டைகளைக்கூட மறந்துவிட்டார், இதை மட்டும் வருடம் திரும்பியும் சொல்லிக் காட்டுகிறார். சொல்லட்டும். மன்னிப்புக் கேட்பதற்காக நான் இதை எழுத உட்காரவில்லை.

விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். குற்றாலத்தில் எங்களுக்கு எட்டு அறை வைத்த சின்ன லாட்ஜ் ஒன்று இருக்கிறது. குடியிருப்பது தென்காசியில். சீசன் மாதங்களில் நானும் அவரும் லாட்ஜிலேயே வந்து கிடப்போம். சாரல் விழ ஆரம்பித்தால் போதும், எல்லா ஊரிலிருந்தும் ஒரே கேள்வி: அருவியில் தண்ணீர் விழுகிறதா? பதில் சொல்லிச் சொல்லி என் வாய் வலித்துப் போகும். இதைப் பார்த்துவிட்டு, பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் என் சித்தப்பா மகன் ஓர் இணையதளம் செய்து கொடுத்தான். யார் வேண்டுமானாலும் உள்ளே வந்து எழுதலாம். எந்த அருவியில் எவ்வளவு தண்ணீர், எங்கே கூட்டம், எந்த ரோட்டில் வண்டி நகரவில்லை, எல்லாம் அதில் வரும். அதைப் பார்த்துக்கொள்ள நானும், ஐந்தருவி ரோட்டில் பெரிய லாட்ஜ் வைத்திருக்கும் ஓர் அண்ணாச்சியும் பொறுப்பு. ஒரு பதிவை அழிக்கவும், ஆளையே பூட்டி வைக்கவும் எங்கள் இரண்டு பேருக்கும் அதிகாரம் உண்டு.

ஒவ்வொரு பதிவுக்குக் கீழேயும் பெருவிரல் படம் போட்ட இரண்டு பட்டன் இருக்கும். ஒன்று நிமிர்ந்தது, ஒன்று கவிழ்ந்தது. கவிழ்ந்ததைப் பத்துப் பேர் அமுக்கினால் அந்தப் பதிவு மடங்கிப் போய்விடும். ‘இது பலருக்குப் பிடிக்கவில்லை’ என்று சாம்பல் நிறத்தில் ஒரு வரி மட்டும் நிற்கும். ஒரே சீசனில் ஒருவருடைய பதிவு மூன்று தடவை மடங்கினால் அவர் கணக்கே பூட்டிக்கொள்ளும், அப்புறம் அவர் எழுத முடியாது. இல்லாத அறைக்கு விளம்பரம் போட்டு ஏமாற்றுகிறவர்களை விரட்டத்தான் அப்படி வைத்தது. நல்ல ஏற்பாடு என்று அன்றைக்குக் கை தட்டியவளும் நான்தான்.

மெயின் அருவிக்குப் பக்கத்தில் பெண்கள் உடை மாற்றும் அறை இருக்கிறது. அதன் வாசலில் துண்டும் பாவாடையும் நைட்டியும் தோளில் போட்டுக்கொண்டு ஒருத்தி நின்று விற்பாள். இலஞ்சிக்காரி, என்னைவிட நாலைந்து வயது இளையவள். கடை என்று ஒன்றும் கிடையாது, அவள் தோள்தான் கடை. காலை ஐந்து மணிக்கு வந்து நிற்பாள். போலீஸ் வந்தால் நகரு என்பார்கள், பக்கத்துக் கடைக்காரர் வந்தால் தள்ளிப் போ என்பார். தள்ளித் தள்ளிப் போய்ச் சுற்றிவிட்டு மறுபடி அதே இடத்துக்கு வந்துவிடுவாள். எங்கள் தளத்தில் அவள் வைத்துக்கொண்ட பெயர் ‘துண்டுக் கடை’. தினமும் காலையில் ஒரே வரி எழுதுவாள். ‘மெயின் அருவி, பெண்கள் பக்கம் நல்லா விழுது, வாங்க’ என்று இருக்கும். இல்லாவிட்டால், ‘பெண்கள் பக்கம் தண்ணி இல்ல, பாறை காயுது, வராதீங்க’ என்று இருக்கும்.

வராதீங்க என்று எழுதினால் அவளுக்கும்தான் துண்டு விற்காது. ஒருநாள் அதைக் கேட்டேன். ஏமாந்து வந்து நிற்கிறவள் எதையும் வாங்க மாட்டாள், அந்த முகங்களைச் சாயங்காலம் வரைக்கும் பார்த்துக்கொண்டு நிற்க என்னால் ஆகாது என்றாள்.

மெயின் அருவியைப் பார்த்திராதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஒரே பாறை, ஒரே தண்ணீர். கீழே ஒரு பக்கம் ஆண்கள், மறுபக்கம் பெண்கள் என்று பிரித்திருக்கிறது. சீசன் களைகட்டினால் இரண்டு பக்கமும் காது கிழியும். தண்ணீர் குறையும்போதுதான் வித்தியாசம் தெரியும். இருக்கிற கொஞ்சமும் ஆண்கள் பக்கமே இறங்கும். பெண்கள் பக்கம் பாறை நனைந்து கிடக்கும், அவ்வளவுதான். இதில் யாருடைய சதியும் இல்லை, பாறை அப்படி. ஆனால் ஆண்கள் பக்கம் குளித்துவிட்டுத் தலையைத் துவட்டிக்கொண்டே போனைத் திறக்கிறவனுக்கு அவள் எழுதியது பச்சைப் பொய்யாகத் தெரியும். இப்போதுதானே குளித்தேன், தண்ணீர் இல்லையாமே என்று கவிழ்ந்த விரலை ஒரு அமுக்கு அமுக்கிவிட்டுப் போவான். அவன் பொய் சொல்லவில்லை. அவளும் சொல்லவில்லை.

இதில் இன்னொரு கொடுமை, போட்டோ. ஆண்கள் பக்கம் நிற்கிறவன் ஒரு போட்டோ எடுத்துப் போட்டுவிடுவான், ஊரே நம்பும். பெண்கள் குளிக்கும் பக்கம் போனைத் தூக்கினால் என்ன நடக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. அவளிடம் வார்த்தை மட்டும்தான் உண்டு. படம் எங்கே, படம் எங்கே என்று கீழே கேட்பார்கள். பொம்பளைகள் குளிக்கிற இடத்தை எப்படிப் படம் எடுத்துக் காட்டுவது என்று ஒருத்தனுக்காவது தோன்ற வேண்டுமே.

போன வருடம், சாரல் நின்று நாலைந்து நாள் ஆகியிருந்த ஒரு சனிக்கிழமை. வழக்கம்போலக் காலையில் எழுதினாள்: ‘பெண்கள் பக்கம் தண்ணி இல்ல. ஞாயித்துக்கிழமை வர்ற பொம்பளைகள் யோசிச்சு வாங்க.’ அதற்கு ஒரு வாரம் முன்புதான் அவளுடைய பதிவு ஒன்று மடங்கியிருந்தது. எங்கள் லாட்ஜில் அன்றைக்கு மூன்று அறை காலி. காபியைக் குடித்துக்கொண்டே போனைப் பார்த்தேன். கவிழ்ந்த விரல் ஒன்பது. இவள் ஒருத்தி, வருகிறவர்களையும் வராதே என்கிறாளே என்று ஆத்திரமாக வந்தது. அமுக்கினேன். நான்தான் பத்தாவது. பதிவு மடங்கியது. அதற்கு மேலே, ‘தண்ணீர் அருமை, குடும்பத்தோடு வாங்க’ என்று அண்ணாச்சி போட்ட போட்டோ நின்றது. சவம், நாளைக்கு நாலு பேர் வந்தால் சரி என்று டம்ளரைக் கழுவப் போய்விட்டேன்.

மறுநாள் ஞாயிறு. விடிந்து கொஞ்ச நேரத்தில் திருவேங்கடத்திலிருந்து ஒரு வேன் எங்கள் லாட்ஜ் வாசலில் வந்து நின்றது. மகளிர் குழுப் பெண்கள், இருபது பேருக்கு மேல் இருக்கும். கரிசல் காட்டில் மிளகாயும் பருத்தியும் எடுக்கிற கைகள். மழை கண்ட ஊர் இல்லை அது. வருடத்துக்கு ஒருநாள் சொல்லிவைத்து எல்லோரும் வேலையை விட்டுவிட்டு அருவிக்கு வருகிறார்கள். உடை மாற்றவும் சாப்பாட்டுப் பாத்திரம் வைக்கவும் இரண்டு அறை கேட்டார்கள். கொடுத்தேன். அப்போதுதான் பார்த்தேன், அத்தனை பேர் தலையிலும் எண்ணெய். வேனில் ஏறும்போதே நல்லெண்ணெயை உச்சியில் வைத்துத் தேய்த்துக்கொண்டுதான் ஏறியிருக்கிறார்கள். அருவித் தண்ணீரில் போய் நின்றால் தன்னால் போய்விடும் என்ற நம்பிக்கை. குற்றாலத்துக்கு வருகிறவர்கள் காலங்காலமாகச் செய்வதுதான்.

இரண்டு மணி நேரத்தில் திரும்பி வந்துவிட்டார்கள். எண்ணெய் அப்படியே இருந்தது. நெற்றியிலும் காது ஓரத்திலும் வழிந்து, ரவிக்கையெல்லாம் திட்டுத் திட்டாக ஊறியிருந்தது. பாறையில் கசிந்த தண்ணீரைக் கையில் பிடித்து ஆளுக்கு ஒரு கை தலையில் தெளித்துக்கொண்டார்களாம். சின்னவயசுப் பெண் ஒருத்தி ஆண்கள் பக்கம் எட்டிப் பார்த்ததற்குப் போலீஸ்காரர்கள் விசில் ஊதினார்களாம். அவள் அதைச் சொல்லிச் சிரித்தாள், மற்றவர்கள் சிரிக்கவில்லை. கடைசியில் எங்கள் லாட்ஜ் பாத்ரூமில் ஒவ்வொருத்தியாக உட்கார்ந்து வாளித் தண்ணீரை ஊற்றிக்கொண்டார்கள். போர் தண்ணீர். பாதிப் பேர் குளிப்பதற்குள் மாடித் தொட்டி காலி. மிச்சப் பேர் எண்ணெய்த் தலையோடு உட்கார்ந்து புளியோதரையைச் சாப்பிட்டார்கள்.

அந்தக் குழுவின் தலைவி என் வயசுக்காரி. என்னிடம் வந்து போனை நீட்டினாள். எங்கள் தளம்தான் திறந்திருந்தது. மேலே அண்ணாச்சியின் போட்டோ. கீழே சாம்பல் நிற வரி. அதை அவள் விரலால் தொட்டதும் மடங்கியது விரிந்தது. பெண்கள் பக்கம் தண்ணி இல்ல.

“எதுக்குத் தாயி இத மூடி வச்சிருக்காங்க?” என்று கேட்டாள்.

அவளுக்கு நான் யாரென்று தெரியாது. லாட்ஜ்காரி என்று மட்டும்தான் தெரியும். விவரம் தெரிந்தவளாயிற்றே, சொல்லுவாள் என்று கேட்டாள். தெரியலியே அக்கா என்று சொன்னேன். வாய் கூசாமல் சொன்னேன். அவள் சரி என்று தலையை ஆட்டிவிட்டு, துண்டு ஒன்று இருந்தால் கொடுங்கள், எண்ணெய் கண்ணில் இறங்குகிறது என்றாள்.

வெட்கம் என்றால் அப்படி ஒரு வெட்கம். நானும் ஒரு பொம்பளை. பெண்கள் பக்கம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாதா? நாற்பது வருடமாக அந்தப் பாறையில் தலையைக் கொடுத்தவள் நான். தெரிந்தேதான் அமுக்கினேன். ஆண்கள் ஒன்பது பேரும் தங்களுக்குத் தெரியாததை அமுக்கினார்கள். தெரிந்ததை அமுக்கியவள் நான் ஒருத்திதான்.

வேன் போனதும் பெங்களூருக்குப் போன் போட்டேன். கவிழ்ந்த விரலை எடுத்துவிடு, இன்றைக்கே எடு என்றேன். தம்பி பதறிவிட்டான். அது இல்லாவிட்டால் குப்பை எல்லாம் மேலே வரும், அண்ணாச்சியிடம் கேட்டாயா, ஓட்டுக்கு விடலாமே என்று ஆயிரம் யோசனை சொன்னான். ஓட்டுக்கு விட்டால் என்ன ஆகும்? அந்தத் தளத்தில் பத்துக்கு எட்டுப் பேர் ஆண்கள் பக்கம் குளிக்கிறவர்கள். யாரையும் கேட்காமல் செய்தது முறையில்லைதான். அது தெரிந்துதான் செய்தேன். பிடிக்காதவர்கள் பிடிக்கவில்லை என்று வாயைத் திறந்து எழுதட்டும், எந்த அருவி, எந்தப் பக்கம், எத்தனை மணிக்குப் பார்த்தார்கள் என்று சேர்த்து எழுதட்டும் என்று ஒரு புது விதியையும் போடச் சொன்னேன். சாயங்காலம் விரல் போய்விட்டது.

திங்கட்கிழமை காலை துண்டுக்காரியைத் தேடிப் போனேன். அவள் வழக்கமான இடத்தில் நின்றாள். இனிமேல் உன் பதிவு மடங்காது என்றேன். மூன்றாவதும் மடங்கியிருந்தால் நீ வெளியே போயிருப்பாய், தெரியுமா என்றேன். தெரியும் என்றாள். தெரிந்துமா எழுதினாய் என்று கேட்டேன். அவள் துண்டுகளை ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு மாற்றிக்கொண்டாள்.

“போலீசும் தள்ளிப் போங்குது, கடைக்காரவுளும் தள்ளிப் போங்குதாவ. போன்ல இருக்க அந்த ஒரு எடத்துலதான் நான் நின்னதுக்கு நாலு பொம்பளைய நன்றி சொன்னாவ. அதுக்காவ இல்லாததச் சொல்லி அங்கன நிக்கணுமாக்கா? அதுக்கு நிக்காமலே போயிரலாம்.”

பத்தாவது ஆள் நான்தான் என்று அப்போதுதான் சொன்னேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். ஏன் என்று கேட்கவில்லை. அதற்குள் ஒரு குடும்பம் வந்துவிட்டது, நைட்டி என்ன விலை என்று பேரம். நான் அங்கேயே கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அடுத்த நாள் அண்ணாச்சி லாட்ஜுக்கே வந்துவிட்டார். கூட இரண்டு லாட்ஜ்காரர்கள். அவர் கெட்டவர் இல்லை. தளம் ஆரம்பித்தபோது வீடு வீடாகப் போய் ஆள் சேர்த்தவர் அவர். நியாயமாகத்தான் பேசினார். பொய் எழுதுகிறவனை என்ன செய்வது, எல்லோராலும் எழுதிச் சண்டை போட முடியுமா, எழுதத் தெரியாதவனுக்கு ஒரு விரல்தானே வாய் என்று கேட்டார். அந்தக் கடைசிக் கேள்வி எனக்கும் சுருக்கென்றுதான் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் பேச்சு அங்கே நிற்கவில்லை. விரலை வைக்காவிட்டால் அந்தத் துண்டுக்காரியையாவது பூட்டு, நான் பூட்டினால் நீ திறந்துவிடுவாய், சீசன் என்பது மூன்று மாதம், அவள் ஒருத்தி வாய்க்காக ஊர் நட்டப்பட முடியாது என்றார். எனக்கு வந்ததே கோபம்.

“அண்ணாச்சி, அவ எழுதுனது பொய்யின்னா நீங்க கீழ எழுதுங்க. பொம்பளைய பக்கம் நின்னு பாத்தேன், தண்ணி விழுதுன்னு எழுதுங்க. எழுத முடியுமா ஒங்களால?”

அவர் என் வீட்டுக்காரரைப் பார்த்தார். என் வீட்டுக்காரர் சாவிப் பலகையைப் பார்த்தார். அப்புறம் அவர்கள் டீகூடக் குடிக்காமல் எழுந்து போனார்கள். போனதும் என் வீட்டுக்காரர், “ஏட்டி, ஒனக்குக் கோட்டியா பிடிச்சிருக்கு? ஊரோட ஒத்துப் போயேன்” என்றார். நான் ஊரோடுதான் இருக்கிறேன், ஊரில் பாதி பெண்கள் என்றேன். அன்று ராத்திரி ரசம் மட்டும்தான் வைத்தேன்.

விரல் போன முதல் பத்து நாள் தளம் நாறியது உண்மைதான். அமுக்கிப் பழகியவர்களுக்கு எழுதத் தெரியவில்லை, திட்டத்தான் தெரிந்தது. துண்டுக்காரியையும் என்னையும் சேர்த்து எழுதியதை இங்கே எழுத முடியாது. கெட்ட வார்த்தை இருந்ததை மட்டும் அழித்தேன். மற்றதை விட்டேன். ‘இந்த அம்மாவுக்குத் தான் என்ற திமிர்’ என்று அண்ணாச்சியே எழுதினார். அதையும் விட்டேன், இன்றைக்கும் அப்படியே இருக்கிறது, போய்ப் பார்க்கலாம். திமிர்தான். இல்லை என்று யார் சொன்னது?

ஆனால் பதினைந்தாம் நாளோ இருபதாம் நாளோ, மதுரைப் பக்கத்து ஆள் ஒருவர் எழுதினார்: ‘மெயின் அருவி, காலை ஏழு மணி, நல்லா விழுது. நான் பார்த்தது ஆண்கள் பக்கம்.’ அந்தக் கடைசி நாலு வார்த்தையை நான் திரும்பத் திரும்பப் படித்தேன். அவ்வளவு காலம் ஒருத்தனும் அதை எழுதியதில்லை. அவர்கள் நின்ற இடம்தான் அருவி என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். அதன் பிறகு ஒவ்வொருவராக எழுத ஆரம்பித்தார்கள். எல்லோரும் இல்லை. எழுதியவர்கள் எழுதினார்கள்.

அதற்கு நான் கொடுத்ததும் உண்டு. குற்றாலத்தில் ஒரு லாட்ஜில் இடம் இல்லையென்றால் அடுத்த லாட்ஜுக்கு ஆள் அனுப்புவது வழக்கம். எங்களுக்கு அனுப்புவதை நிறுத்தினார்கள். ஆடி அமாவாசைக்குக்கூட இரண்டு அறை சும்மா கிடந்தது. அண்ணாச்சி தனியாகப் போன் குரூப் ஒன்று ஆரம்பித்து, பாதிப் பேரைக் கூட்டிக்கொண்டு போனார். அதில் எப்போதும் தண்ணீர் அருமைதான். போகட்டும் என்றிருந்தேன்.

இதோடு முடிந்தது என்றால் நான் பெரிய நியாயவாதி என்று நீங்கள் நினைத்துக்கொள்ளலாம். முடியவில்லை. இந்த வருடச் சீசனில் என் வீட்டிலேயே வந்து நின்றது.

ஆனி மாதக் கடைசி. மெயின் அருவி சுத்தமாகக் காய்ந்து கிடந்தது. ஆனால் ஒருநாள் காலையில் ஐந்தருவியில் மட்டும் தண்ணீர் நன்றாக இறங்கியது. மலைமேல் எங்கேயோ ஒரு மழை. என் வீட்டுக்காரர் விடிகாலையில் பைக்கில் போய்ப் பார்த்துவிட்டு, ஒரு போட்டோ எடுத்து, எங்கள் லாட்ஜ் பெயரில் தளத்தில் போட்டார். ‘குற்றாலத்தில் தண்ணீர் வந்தாச்சு’ என்று எழுதினார். போட்டோவைப் பார்த்து இரண்டு குடும்பம் உடனே அறை கேட்டது. அந்தச் சீசனில் அதுதான் எங்களுக்கு முதல் நல்ல காலை. அவர் பாட்டுப் பாடிக்கொண்டே ஷேவ் செய்தார்.

அரைமணி நேரம் இருக்கும். துண்டுக்காரி கீழே எழுதினாள்: ‘இது போன வருச போட்டோ. நான் காலையில இருந்து நிக்கேன், சொட்டுத் தண்ணி இல்ல. இந்த லாட்ஜ நம்பி யாரும் வராதீங்க.’

அவள் சொன்னால் நம்புவார்கள். ஒரு வருடமாக நான்தானே அப்படி நம்ப வைத்தேன். கேட்ட இரண்டு குடும்பமும் வேண்டாம் என்று சொல்லிவிட்டது. அதில் ஒரு அம்மா, பொய் சொல்லிப் பிழைக்க வேண்டுமா என்று போனிலேயே கேட்டாள். என் வீட்டுக்காரர் முகத்தில் பாதிச் சோப்போடு வந்து நின்றார். கத்தவில்லை. போனை என் முன்னால் மேஜையில் வைத்தார்.

“ஒன் ஆளுதான். அழி, இல்ல அவளப் பூட்டு. நான் எடுத்த போட்டோ பொய்யா? நீயே சொல்லு.”

பொய் இல்லை. என் கண்ணெதிரே போனார், வந்தார். அவள் எழுதியது முழுத் தப்பு. இதற்கு முன்னால் எல்லாத் தடவையும் அவள் சரி, மற்றவர்கள் தப்பு. அப்போது அவள் பக்கம் நிற்பது எனக்கு என்ன கஷ்டம்? நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நிற்கலாம். இப்போது அவள் தப்பு. போனில் அவள் பெயரைத் தொட்டால் ‘பூட்டு’ என்று ஒரு வரி வரும். என் விரல் அதுவரைக்கும் போனது. போனதைச் சொல்லாமல் இருக்க முடியாது. அப்புறம் போனைப் பைக்குள் போட்டுக்கொண்டு ஸ்கூட்டரை எடுத்தேன்.

அவள் உடை மாற்றும் அறை வாசலில்தான் நின்றாள். ஆள் நடமாட்டமே இல்லை. நான் வண்டியை நிறுத்தின வேகத்திலேயே அவளுக்குத் தெரிந்திருக்கும். வாயில் வந்ததையெல்லாம் கேட்டேன். உனக்காக ஊரைப் பகைத்தேனே என்று அதையும் சொல்லிவிட்டேன், சொல்லியிருக்கக் கூடாது. அது ஐந்தருவிப் போட்டோ, இன்றைக்கு விடிகாலை எடுத்தது என்று போனிலிருந்த மணியைக் காட்டினேன். அவள் குனிந்து நிதானமாகப் பார்த்தாள்.

எந்த அருவி என்று அண்ணன் எழுதவில்லையே என்றாள். எந்தப் பக்கம், எத்தனை மணி, அதுவும் இல்லை. அது நான் போட்ட விதி. என் வீட்டிலேயே அதை மதிக்கவில்லை. ஆனாலும் விடவில்லை நான். சரி, அது எங்கள் தப்பு, போன வருச போட்டோ என்று நீ எதை வைத்து எழுதினாய் என்று கேட்டேன். அவள் முகம் சுருங்கிவிட்டது. போன வருடமும் இப்படி ஒரு போட்டோ பார்த்த ஞாபகம், அதுதான் என்று நினைத்துவிட்டேன் என்றாள். சரி, தப்பு என்று தெரிந்துவிட்டதே, அதை அழித்துவிடு என்றேன்.

“அழிக்க மாட்டேன்க்கா. அழிச்சா நான் சொல்லவே இல்லன்னு ஆயிரும். தப்பாச் சொன்னேன்னு இருக்கட்டும். நீங்க கீழ எழுதுங்க, நானும் எழுதுதேன்.”

பிடிவாதக்காரி. மன்னிச்சிருங்க என்று ஒரு வார்த்தை வரவில்லை அவளிடமிருந்து. நான் அங்கேயே கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்து எழுதினேன்: ‘ஐந்தருவி. ஆண்கள் பக்கம். இன்று காலை ஆறு மணி. போட்டோ இந்த வருடத்துடையதுதான். எந்த அருவி என்று எழுதாதது எங்கள் தப்பு. பெண்கள் பக்கம் நாங்கள் பார்க்கவில்லை.’ அதற்குக் கீழே அவள் எழுதினாள்: ‘போன வருச போட்டோன்னு நான் எழுதுனது தப்பு. மெயின் அருவியில தண்ணி இல்லங்குறது நிஜம்.’ இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்க்காமல் எழுதினோம்.

வீட்டுக்காரர் லாட்ஜ் வாசலிலேயே நின்றார். அழித்துவிட்டாளா என்றார். இல்லை என்றேன். நீ அழித்தாயா என்றார். நானும் இல்லை என்றேன். போன இரண்டு குடும்பமும் திரும்பக் கூப்பிடவில்லை. அந்த வாரம் முழுக்க எட்டில் ஐந்து அறை பூட்டியே கிடந்தது. அவர் என்னோடு மூன்று நாள் பேசவில்லை, நாலாம் நாள் சாம்பாரில் உப்பு இல்லை என்று ஆரம்பித்தார்.

அவளுக்கும் எனக்கும் இப்போது அவ்வளவாகப் பேச்சு இல்லை. பார்த்தால் தலையை ஆட்டுவாள், நானும் ஆட்டுவேன். எனக்கு அவள்மேல் கோபம் இன்னும் இருக்கிறது. காலையில் எழுந்ததும் அவள் எழுதியதைத்தான் முதலில் படிக்கிறேன். விரலைத் திரும்ப வைக்கலாமா என்று தம்பி ஒவ்வொரு மாதமும் கேட்கிறான், இப்போது எல்லோரும் மரியாதையாகத்தானே இருக்கிறார்கள், யார் அமுக்கப் போகிறார்கள் என்கிறான். யார் அமுக்குவார்கள் என்று எனக்குத் தெரியும். அந்த விரல் இருந்திருந்தால் அன்றைக்கு முதல் ஆளாக நான்தான் அமுக்கியிருப்பேன். அதனால் வைக்க மாட்டேன்.